எஸ்.ஜி.பி.டி. யாருடைய பதிவு? நாள்பட்ட ஹெபடைடிஸ் பி: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 29 வயதுப் பெண். ரத்த தானம் செய்யப் போன இடத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்து, அங்கிருந்து கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பப்பட்டவர். உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பசி, தூக்கம், வேலை எல்லாம் வழக்கம்போல. மதுப் பழக்கம் கிடையாது. அம்மாவைப் பரிசோதித்தபோது அவருக்கும் இதே தொற்று இருந்தது. ஆகவே பிறக்கும்போதே தொற்றியிருக்க வேண்டும்.

முதல் பரிசோதனை முடிவுகள்: வைரஸின் புரதங்களான மேற்பரப்பு ஆன்டிஜென் பாசிட்டிவ், ஈ-ஆன்டிஜென் பாசிட்டிவ். ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. மில்லிலிட்டருக்குச் சுமார் 40 கோடி சர்வதேச அலகு. எஸ்.ஜி.பி.டி. 22. கல்லீரல் நொதியான அதன் அளவு இயல்பானது. பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். மூன்றும் சரியாக இருந்தன. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 4.8 கிலோபாஸ்கல், அதாவது தழும்பு விழாத மென்மையான கல்லீரல்.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒரே ஆளின் கோப்பு கிடையாது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை ஒரு நோயாளியின் கதையாகத் தொகுத்திருக்கிறேன். எண்கள் அப்படிப்பட்ட கோப்புகளில் வழக்கமாகக் காணும் அளவுகளை ஒட்டியவை. ஆய்வுகள் என்று குறிப்பிடுபவை எல்லாம் உண்மையில் நடந்தவை.

இத்தனை வைரஸ் இருந்தும் கல்லீரல் ஏன் நலமாக இருக்கிறது?

நோயாளி கேட்ட முதல் கேள்வியும் இதுதான். “டாக்டர், கோடிக்கணக்குல வைரஸ் இருக்குன்னு சொல்றீங்க. கல்லீரல் நல்லா இருக்குன்னும் சொல்றீங்க. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்?”

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி. செல் அடிபட்டால்தான் அது ரத்தத்தில் கலக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸோ தான் குடியிருக்கும் செல்லை உடைப்பதில்லை. உட்கருவுக்குள் போய், ஏறத்தாழ 3,200 எழுத்து நீளமுள்ள தன் மரபுப்பொருளை மூடிய வட்ட டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும். அந்த வட்டத்தை அச்சாக வைத்துப் புதிய வைரஸ்களைச் செய்து வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். செல் தன் வேலையைப் பார்க்கும், வைரஸ் தன் வேலையைப் பார்க்கும். அப்படியானால் கல்லீரல் கெடுவது எப்படி? பாதிக்கப்பட்ட செல்லை அடையாளம் கண்டு தாக்க வரும் நோயெதிர்ப்புச் செல்களால்.

இதற்கு நேரடியான சான்று 2003இல் வெளியான சிம்பன்சி ஆய்வில் கிடைத்தது. புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றிய சிம்பன்சியின் உடலிலிருந்து, பாதிக்கப்பட்ட செல்களைத் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்களான சி.டி.8 டி செல்களை மட்டும் ஆன்டிபாடி கொடுத்து நீக்கினார்கள். வைரஸ் குறையவில்லை. கல்லீரல் அழற்சியும் வரவில்லை. சி.டி.8 செல்கள் திரும்பி வந்த பிறகுதான் வைரஸ் இறங்கியது, அழற்சியும் அப்போதுதான் தலைகாட்டியது. குணமாக்கும் செல்லும் காயப்படுத்தும் செல்லும் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனையை நான் படித்ததில்லை.

ஆகவே இந்தக் கோப்பைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வைரஸ் எவ்வளவு என்பதை டி.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். எஸ்.ஜி.பி.டி. சொல்வது, கல்லீரலுக்குள் நோயெதிர்ப்புச் செல்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்துப் படித்தால் ஆபத்து. பதினான்கு ஆண்டுகள் கழித்து இந்த நோயாளிக்கு அந்த ஆபத்துதான் வந்தது.

முதல் கட்டம்: அடங்கியிருக்கும் செல்கள்

கல்லீரல் இயல்பிலேயே பொறுமையான உறுப்பு. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியே போகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. உணவின் புரதத் துணுக்குகள், பாக்டீரியாவின் மிச்சங்கள் எல்லாம் அதில் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் கொதித்தெழுந்தால் கல்லீரல் பிழைக்காது. ஆகவே அங்குள்ள குப்ஃபர் செல்கள் என்ற விழுங்கு செல்களும் நுண்நாளங்களின் உட்சுவர்ச் செல்களும் டி செல்களை அமைதிப்படுத்தும் சமிக்ஞைகளையே அதிகம் தருகின்றன. இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப்-பீட்டா போன்றவை அங்கே தாராளம். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ராய் கால்னும் அவரது குழுவும் 1969இல் பன்றிகளுக்குக் கல்லீரல் மாற்று செய்து பார்த்தபோது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்காமலேயே பல பன்றிகளின் உடல் அந்தக் கல்லீரலை ஏற்றுக்கொண்டதற்கும் இந்தப் பொறுமைதான் அடிப்படை.

இப்படிப்பட்ட இடத்தில் வைரஸ் பிறந்த நாளிலிருந்தே குடியேறிவிட்டது. பிறக்கும்போது தொற்று ஏற்பட்டால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகிவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவுதான். வைரஸ் அதேதான். அதை முதன்முதலில் சந்திக்கும் செல்கள் எந்த வயதில் சந்திக்கின்றன என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

அப்புறம் ஆன்டிஜென் வெள்ளம். பாதிக்கப்பட்ட செல் முழு வைரஸை மட்டும் வெளியே விடுவதில்லை. மேற்பரப்புப் புரதத்தால் ஆன வெற்று உருண்டைகளையும் இழைகளையும், முழு வைரஸைப் போல ஆயிரம் மடங்கிலிருந்து லட்சம் மடங்கு வரை கொட்டுகிறது. உள்ளே மரபுப்பொருள் எதுவும் இருக்காது, யாருக்கும் தொற்றாது. ஆனால் ஆன்டிபாடிகள் அவற்றில் ஒட்டிக்கொண்டே தீர்ந்துபோகும். டி செல்கள் இரவும் பகலும் அதே ஆன்டிஜெனைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஓயாமல் ஆன்டிஜெனைப் பார்க்கும் டி செல்லுக்கு என்ன ஆகும் என்பது எல்.சி.எம்.வி. என்ற எலி வைரஸை வைத்து 1990களில் தெரியவந்தது. செல் சாகவில்லை, ஆனால் வேலை செய்யவில்லை. திறன்கள் ஒரு வரிசையில் போகின்றன: முதலில் இன்டர்லூக்கின்-2 சுரப்பதும் பெருகுவதும், பிறகு டி.என்.எஃப்., கடைசியில் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரப்பது. இதைத்தான் டி செல் களைப்பு என்கிறார்கள். எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமதுவின் குழு 2006இல் அந்தச் செல்களின் மேல் பி.டி.-1 என்ற தடுப்பு ஏற்பி குவிந்திருப்பதைக் கண்டது. அதை மறித்தபோது செல்கள் ஓரளவு உயிர்பெற்றன, வைரஸ் இறங்கியது. அடுப்பை அணைக்காமல் தீயை மட்டும் தணித்து வைப்பது போன்றதுதான் இது. தணித்ததற்குக் காரணமும் இருக்கிறது. கல்லீரலின் பெரும்பாலான செல்களில் வைரஸ் இருக்கும்போது எல்லா டி செல்களும் முழு வேகத்தில் தாக்கினால் அந்த ஆள் உயிரோடு இருக்க மாட்டார்.

இந்த நோயாளியின் ரத்தத்தில் அப்போது ஹெபடைடிஸ் பிக்கு எதிரான சி.டி.8 செல்களைத் தேடியிருந்தால் அநேகமாக ஒன்றும் தெரிந்திருக்காது. வைரஸ் அளவு இவ்வளவு உயர்ந்திருப்பவர்களிடம் அவை அத்தனை அரிது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் சில தென்படும். அவற்றிலும் பிம் என்ற புரதம் அதிகமாக இருக்கும், அது செல்லைத் தானாகச் சாகும் நிலைக்குத் தள்ளும். மைட்டோகாண்ட்ரியாவும் சரியாக இயங்காது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மாலா மைனியின் குழு 2015இல் இன்னொரு அடுக்கைக் காட்டியது. வைரஸ் மிக அதிகமாகவும் எஸ்.ஜி.பி.டி. இயல்பாகவும் இருக்கும் நோயாளிகளிடம், எலும்பு மஜ்ஜை வழி வந்த ஒருவகை அடக்கும் செல்கள் பெருகியிருந்தன. அவை ஆர்ஜினேஸ் நொதியை வெளியிட்டு, அக்கம்பக்கத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தீர்த்துவிடுகின்றன. அது கிடைக்காமல் டி செல்லால் பெருக முடியாது. ஒரு சத்தைப் பறித்தே செல்லை அடக்கிவிட முடிகிறது என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் மருந்து கொடுப்பதா என்பது இன்னும் வாதத்துக்குரிய விஷயம். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருப்பதால் நோயெதிர்ப்பு முழுக்கத் தூங்குகிறது என்று முன்பு நினைத்தோம். அப்படி இல்லை. இந்தக் கட்டத்தில் இருக்கும் இளையவர்களின் டி செல்கள் அடுத்த கட்டத்தில் இருப்பவர்களுடையதைவிட மோசமாக இல்லை என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. வைரஸின் டி.என்.ஏ. துண்டுகள் கல்லீரல் செல்களின் மரபணுத் தொகுப்பில் நுழைவதும் இந்தக் கட்டத்திலேயே நடக்கிறது. ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், 30 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த நிலையிலேயே மருந்து தரலாம் என்றது. இந்த நோயாளி முதலில் வந்தபோது அவருக்கு வயது 29. தொடர்ந்து கண்காணிப்பது என்று முடிவானது. இன்றைக்கு அதே கோப்பு என் முன்னால் வந்தால் மருந்தைப் பற்றி அவரிடம் விரிவாகப் பேசியிருப்பேன்.

இரண்டாம் கட்டம்: 35 வயதில் சீற்றம்

ஆறு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை. எஸ்.ஜி.பி.டி. 20, 24, 19 என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு தடவை 68. அடுத்து ஒரு மாதத்தில் மீண்டும் பார்த்தபோது 410. இன்னும் இரண்டு வாரத்தில் 780. நோயாளிக்குச் சோர்வு, லேசான குமட்டல், அவ்வளவுதான். பிலிருபின் 2.1, ஐ.என்.ஆர். 1.1. ஹெபடைடிஸ் ஏ, சி, டி, ஈ எதுவும் இல்லை. புதிய மருந்து, மூலிகை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோ-இம்யூன் சோதனைகள் நெகட்டிவ். வைரஸ் டி.என்.ஏ. 40 கோடியிலிருந்து 1.2 கோடிக்கு இறங்கியிருந்தது.

இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கிறது, வைரஸ் இறங்கியிருக்கிறது. வைரஸ் பெருகியதால் கல்லீரல் கெட்டது என்றால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடந்திருக்கும்? டி செல் கல்லீரலைத் தாக்கும் விதமே தனி. மற்ற உறுப்புகளில் டி செல் ரத்தக்குழாய்ச் சுவரைக் கடந்து வெளியே வந்துதான் இலக்கைத் தொட வேண்டும். கல்லீரலின் நுண்நாளச் சுவரிலோ 100 முதல் 150 நானோமீட்டர் அளவில் துளைகள் இருக்கின்றன, அடிச்சவ்வும் இல்லை. மிலானின் சான் ரஃபேல் நிறுவனத்தினர் 2015இல் உயிருள்ள எலியின் கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சி.டி.8 செல்கள் முதலில் நுண்நாளத்துக்குள் ஒட்டியிருக்கும் பிளேட்லெட்டுகளின் மேல் தொற்றிக்கொள்கின்றன. பிறகு நாளத்துக்குள்ளேயே ஊர்ந்துபோகின்றன. துளை வழியாகக் கால் போன்ற நீட்சியை விட்டுக் கல்லீரல் செல்லைத் தடவிப் பார்க்கின்றன. ஆன்டிஜென் தட்டுப்பட்டால் ரத்த ஓட்டத்தை விட்டு வெளியேறாமலேயே தங்கள் வேலையைச் செய்கின்றன.

அந்த வேலையும் இரண்டு விதம். ஒன்று, செல்லைக் கொல்வது. மற்றொன்று, இன்டர்ஃபெரான் காமாவையும் டி.என்.எஃப்.ஐயும் சுரந்து, செல்லைச் சாகவிடாமல் உள்ளே இருக்கும் வைரஸை மட்டும் ஒடுக்குவது. ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் குழு 1999இல் சிம்பன்சிகளில் இதைக் காட்டியது. கல்லீரலிலும் ரத்தத்திலும் இருந்த வைரஸ் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி, டி செல்கள் கூட்டமாக வந்து அழற்சி உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே மறைந்துவிட்டிருந்தது. வைரஸை விரட்டக் கல்லீரலைக் கொன்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் உண்மை இது.

அப்படியானால் எஸ்.ஜி.பி.டி. 780 எங்கிருந்து வந்தது? இங்கேதான் பலரும் சறுக்கும் இடம். சீற்றம் என்றால் வைரஸுக்கு எதிரான டி செல்கள் ஏகமாகப் பெருகிவிட்டன என்று தோன்றும். மைனி, பெர்ட்டோலெட்டி ஆகியோரின் குழு 2000இல் கல்லீரல் திசுவிலேயே எண்ணிப் பார்த்தது. வைரஸைக் கட்டுக்குள் வைத்து அழற்சியே இல்லாமல் இருந்தவர்களின் கல்லீரலிலும் வைரஸுக்கு எதிரான சி.டி.8 செல்கள், அழற்சி உள்ளவர்களுக்கு ஈடான எண்ணிக்கையில் இருந்தன. அழற்சி உள்ளவர்களிடம் வித்தியாசம் என்னவென்றால், அந்தச் செல்களைச் சூழ்ந்து வைரஸோடு சம்பந்தமே இல்லாத செல்கள் பெருங்கூட்டமாக நிரம்பியிருந்தன. வைரஸை அறிந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றன. அதைக் கேட்டுக் கல்லீரல் செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.-9, 10 ஆகிய அழைப்பு வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அதைப் பின்பற்றி யார் யாரோ வந்து சேர்கிறார்கள். எலிகளில் இந்த அழைப்பை மட்டும் மறித்தபோது கல்லீரல் சேதம் குறைந்தது, வைரஸை ஒடுக்கும் ஆற்றல் குறையவில்லை. சேதத்தில் பெரும்பங்கு அழைக்கப்பட்டு வந்த கூட்டத்துடையது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தக் கூட்டத்தில் என்.கே. செல்கள், அதாவது இயற்கைக் கொல்லிச் செல்கள், முக்கியமானவை. மனிதக் கல்லீரலில் உள்ள லிம்போசைட்டுகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இவைதான். சீற்றத்தின்போது இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-8ம் ஏறுகின்றன. அவற்றின் தூண்டுதலில் என்.கே. செல்கள் டிரெயில் என்ற கொல்லும் மூலக்கூறை அணிந்துகொள்கின்றன, கல்லீரல் செல்கள் அதற்கான ஏற்பியைக் காட்டுகின்றன. 2007இல் மைனியின் லண்டன் குழு கண்டது இது. அதே குழு 2013இல் இன்னொன்றையும் காட்டியது: இதே டிரெயில் வழியாக என்.கே. செல்கள் வைரஸுக்கு எதிரான டி செல்களையும் கொல்கின்றன. நம் பக்கம் நின்றே நம் ஆட்களைக் குறைக்கும் செல் இது. அந்த அரிய டி செல்கள் ஏன் பெருகி நிலைப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, ஐ.என்.ஆர். 1.5ஐத் தொட்டாலோ மஞ்சள் காமாலை கூடினாலோ அன்றைக்கே மருந்து என்று முடிவுசெய்து, வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்தார்கள். ஈ-ஆன்டிஜென் பாசிட்டிவ் ஆக இருப்பவருக்குக் கல்லீரல் செயலிழப்பின் அறிகுறி இல்லாவிட்டால் இப்படிச் சில மாதங்கள் காத்திருப்பது ஏற்கப்பட்ட வழி. அந்தச் சீற்றம் பலனில் முடியக்கூடும் என்பதே காரணம். இங்கே அப்படித்தான் ஆனது. எஸ்.ஜி.பி.டி. 860ஐத் தொட்டுவிட்டு இறங்கியது. மூன்றாம் மாதம் டி.என்.ஏ. 9,000. நான்காம் மாதம் ஈ-ஆன்டிஜென் மறைந்து அதற்கான ஆன்டிபாடி வந்தது.

மூன்றாம் கட்டம்: அமைதியான ஆண்டுகள்

36 முதல் 43 வயது வரை சொல்ல அதிகம் இல்லை. எஸ்.ஜி.பி.டி. 20ஐ ஒட்டியே இருந்தது, டி.என்.ஏ. 200க்கும் 600க்கும் இடையில். ஃபைப்ரோஸ்கேன் 5.6. மருந்து எதுவும் இல்லை.

29 வயதில் எஸ்.ஜி.பி.டி. 22. 40 வயதில் எஸ்.ஜி.பி.டி. 20. காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். செல்களின் கணக்கில் நேரெதிர். முதலாவதில் டி செல்கள் அடக்கிவைக்கப்பட்டிருந்தன. இரண்டாவதில் அவை காவல் காக்கின்றன. 2017இல் ஹெபடைடிஸ் பி நோயாளிகளின் கல்லீரலில் சி.டி.69, சி.டி.103 இரண்டையும் அணிந்த சி.டி.8 செல்களை விவரித்தார்கள். ரத்தத்தில் சுற்றாமல் கல்லீரலிலேயே தங்கிவிடும் நினைவுச் செல்கள் அவை. வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்களிடம் அவை அதிகம் இருந்தன. ரத்தம் எடுத்துப் பார்த்தால் இவை தெரியாது. ஊசியால் கல்லீரலிலிருந்து துளியளவு திசுவை உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் முறை இப்போது ஆய்வுகளில் பரவியிருப்பதற்கு இதுதான் காரணம்.

வைரஸ் போய்விடவும் இல்லை. மூடிய வட்ட டி.என்.ஏ. உட்கருவில் அப்படியே இருக்கிறது. மேற்பரப்பு ஆன்டிஜென் தானாக மறைவது ஆண்டுக்கு 100 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நடக்கிறது.

நான்காம் கட்டம்: காவலை எடுத்துவிட்டால்

43 வயதில் முடக்குவாதம் என்ற மூட்டு நோய். அதற்கு வழக்கமாகத் தரும் மெதோட்ரெக்சேட் போதவில்லை. வேறோரிடத்தில் ரிடுக்ஸிமாப் என்ற நோயெதிர்ப்பை அடக்கும் ஊசியைத் தொடங்கினார்கள்: 1,000 மில்லிகிராம், இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை. கூடவே தினமும் 15 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு, நான்கு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது என்று. பழைய கல்லீரல் கோப்பு அங்கே போய்ச் சேரவில்லை. தொடங்கும் முன் எஸ்.ஜி.பி.டி. பார்த்தார்கள், 21. மூன்றாம் மாதம் 27. கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று எழுதப்பட்டது.

ஆறாம் மாதம் கண்கள் மஞ்சள். எஸ்.ஜி.பி.டி. 1,140, பிலிருபின் 7.2, ஐ.என்.ஆர். 1.5. மெதோட்ரெக்சேட்தான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டு அதை நிறுத்தினார்கள். வைரஸ் டி.என்.ஏ. பார்த்தபோது மில்லிலிட்டருக்கு 2.3 கோடி. மூன்றாம் மாதத்தில் எடுத்த ரத்த மாதிரி ஆய்வகத்தில் உறைநிலையில் இருந்தது. அதையும் எடுத்துச் சோதித்தார்கள்: 80 லட்சம்.

எஸ்.ஜி.பி.டி. 27 இருந்த அதே ரத்தத்தில் 80 லட்சம் வைரஸ். இந்தக் கோப்பில் மிக முக்கியமான வரி இது. வைரஸ் மாதக்கணக்கில் பெருகியிருக்கிறது, கல்லீரல் பரிசோதனை வாயே திறக்கவில்லை. திறக்கவும் முடியாது. தாக்க வேண்டிய செல்களை மருந்து கட்டிப்போட்டிருந்தது. ஸ்டீராய்டு குறைந்து நின்றதும் டி செல்கள் மீண்டும் எழுந்தன. இப்போது அவற்றின் முன்னால் இருந்தது பழைய 300 அல்ல. கல்லீரல் முழுக்க இலக்குகள். நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையில் ஹெபடைடிஸ் பி திரும்புவதன் வரிசை வழக்கமாக இதுதான்: முதலில் டி.என்.ஏ., வாரங்களோ மாதங்களோ கழித்து எஸ்.ஜி.பி.டி., அதன்பின் மஞ்சள் காமாலை. ஸ்டீராய்டு இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. டி செல்லை அடக்குவதோடு, வைரஸின் மரபுப்பொருளிலேயே ஸ்டீராய்டுக்குப் பதில்வினை காட்டும் பகுதி ஒன்று இருப்பதால் வைரஸ் உற்பத்தியையும் நேரடியாகத் தூண்டுகிறது.

ரிடுக்ஸிமாப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது நீக்குவது பி செல்களை, சி.டி.20 அணிந்த செல்களை மட்டும். பெரும்பாலான டி செல்களைத் தொடுவதில்லை. ஹெபடைடிஸ் பியைக் கட்டுப்படுத்துவது டி செல் என்றால், பி செல் போனதும் ஏன் கட்டு அறுந்துபோகிறது? இந்த மருந்து பரவிய பிறகுதான் இந்தக் கேள்வியே பெரிதானது. மேற்பரப்பு ஆன்டிஜென் நெகட்டிவ் ஆகி, நோய் முடிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்குக்கூட அது திரும்பியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013 செப்டம்பரில் இதற்காகவே மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது.

பதில் இரண்டு பக்கமும் இருக்கும் என்று நினைக்கிறேன். புதிய கல்லீரல் செல்களுக்குள் வைரஸ் நுழைவதை ஆன்டிபாடிகள் தடுக்கின்றன. பி செல்கள் ஆன்டிஜெனைப் பிடித்து டி செல்களுக்குக் காட்டவும் செய்கின்றன. அந்த உதவி நின்றால் டி செல்லின் ஊக்கமும் குறையும். 2018இல் லண்டன், சிங்கப்பூர் குழுக்கள் ஒளிரும் மேற்பரப்பு ஆன்டிஜெனைத் தூண்டிலாக வைத்து, அதற்கு எதிரான பி செல்களைத் தனியே பிரித்தெடுத்தன. நாள்பட்ட நோயாளிகளிடமும் அவை இருந்தன. ஆனால் பி.டி.-1 அணிந்து, ஆன்டிபாடி சுரக்கத் தடுமாறிக்கொண்டிருந்தன. அதாவது களைப்பு டி செல்லோடு நிற்கவில்லை. அரைகுறையாக வேலை செய்த அந்தப் பி செல்களும் காவலில் ஒரு பங்கைச் சுமந்திருக்கின்றன.

ஹெபடைடிஸ் சியிலும் இதற்கு ஒட்டிய ஒரு பாடம் உண்டு. இரண்டு வைரஸும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, சி வைரஸை 8 முதல் 12 வாரத்தில் ஒழிக்கும் நேரடி மருந்துகள் கொடுத்தபோது சிலருக்குப் பி வைரஸ் சீறி எழுந்தது. சி வைரஸ் கல்லீரலில் மூட்டிவைத்திருந்த இன்டர்ஃபெரான் சூழல் பி வைரஸையும் அடக்கிவைத்திருந்தது என்பது பரவலான விளக்கம். 2016 அக்டோபரில் அதற்கும் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது.

சிகிச்சையும் அதன் பிறகும்

டி.என்.ஏ. முடிவு வந்த அன்றே வைரஸ் எதிர்ப்பு மருந்தான டெனோஃபோவிர் அலாஃபெனமைடு 25 மில்லிகிராம் தினமும். அழற்சியை அடக்க ஸ்டீராய்டைத் திரும்பத் தொடங்கலாமா என்ற யோசனை எழுந்தது, கைவிடப்பட்டது. ஐ.என்.ஆர். 1.7 வரை போனது, நினைவு தடுமாறவில்லை. மாற்றுக் கல்லீரல் மையத்துக்குத் தகவல் கொடுத்து வைத்திருந்தார்கள். நான்காம் வாரம் எல்லாம் இறங்கத் தொடங்கியது. பத்து வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 38. ஆறாம் மாதம் டி.என்.ஏ. கண்டறிய முடியாத அளவு.

இதைத் தவிர்த்திருக்க முடியும். ரிடுக்ஸிமாப் தொடங்கும் முன் மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி என்ற இரண்டு எளிய சோதனைகள். பாசிட்டிவ் என்றால் முதல் ஊசிக்கு முன்பே டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், கடைசி ஊசிக்குப் பிறகும் குறைந்தது ஓராண்டு. எஸ்.ஜி.பி.டி.யை நம்பிக் காத்திருப்பது காவல் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பியோடு வாழ்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொற்று இருப்பதே தெரியாது. முடக்குவாதம், லிம்போமா, தோல் நோய் என்று யாரிடம் போனாலும் அந்தச் சோதனை கேட்கப்பட வேண்டும்.

மருந்து வைரஸ் உற்பத்தியை நிறுத்தியதால் டி செல்கள் மீண்டனவா? ஓரளவு. நீண்ட காலம் மருந்தில் இருப்பவர்களிடம் அவை கொஞ்சம் தெளிவதைக் காண முடிகிறது. ஆனால் மேற்பரப்பு ஆன்டிஜென் ரத்தத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆன்டிஜென் முழுக்கப் போனால்கூடத் தழும்பு மிஞ்சும் என்பதை ஹெபடைடிஸ் சி காட்டியது. 2021இல் வந்த ஆய்வுகள், வைரஸ் குணமான பிறகும் அந்த டி செல்களின் மரபணு அமைப்பு களைப்பின் அடையாளங்களைச் சுமந்துகொண்டிருப்பதைக் கண்டன. டாக்ஸ் என்ற புரதம் அந்த நிலையைப் பூட்டி வைக்கிறது என்பது 2019இலிருந்து தெரியும்.

பி.டி.-1ஐத் தடுக்கும் நிவோலுமாப் மருந்தை மிகக் குறைந்த அளவில் ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒருவருக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. அதற்கு முன் அவருக்கு எஸ்.ஜி.பி.டி. ஏறி இறங்கியது. ஆன்டிஜென் உற்பத்தியைக் குறைக்கும் பெபிரோவிர்சென் 2022இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பலன் கொடுத்தது. முதலில் ஆன்டிஜென் வெள்ளத்தை வடியவிட்டு, பிறகு செல்களை எழுப்புவது என்ற வரிசைதான் சரியாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளம் நிற்காமல் செல்களை எழுப்பினால் இந்த நோயாளியின் ஆறாம் மாதம் போன்ற ஒன்றை நாமே வரவழைத்ததாகிவிடும்.

இப்போது அவருக்கு வயது 45. எஸ்.ஜி.பி.டி. 21, டி.என்.ஏ. இல்லை, மேற்பரப்பு ஆன்டிஜென் மில்லிலிட்டருக்கு 1,100 அலகு. பி செல்கள் ரத்தத்தில் திரும்பிவிட்டன. முடக்குவாதத்துக்கு வேறு மருந்து கொடுக்கப்படுகிறது. அதுவும் நோயெதிர்ப்பை அடக்குவதே என்பதால் டெனோஃபோவிரை நிறுத்தும் பேச்சு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.என்.ஏ., ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் புற்றுநோய்க்கான ஸ்கேன். இரண்டு மருத்துவர்களின் கோப்பிலும் முதல் பக்கத்தில் ஹெபடைடிஸ் பி என்று எழுதியிருக்கிறது.